ஓக் மரத்தடியில் சொன்னது

"மதீசன், வயது இருபத்தேழு, இருக்கிறது ஹார்லிங்ரோட" என்றுதான் அந்த ஒலிப்பதிவு தொடங்குகிறது. முதலில் பெயர், பிறகு வயது, பிறகு இப்போது இருக்கும் இடம் என்று உல்ரிக்கே விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பேச வந்த ஏழு பேரும் அப்படியே தொடங்கினார்கள். அதன் பிறகு அவரவர் மொழியில், அவரவரால் மறக்க முடியாத ஒரு மரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மதீசனுக்கு இந்த வரிசை பழகிப்போன ஒன்று. ஜெர்மனிக்கு வந்த எட்டு வருடத்தில் எந்த அலுவலக மேசைக்கு முன்னால் போய் இருந்தாலும் பெயர், வயது, இருப்பிடம் என்றுதான் தொடங்குவார்கள். ஒரு மரத்தின் கீழே வைத்துக் கேட்டது இதுவே முதல் தடவை.

ஹார்லிங்ரோட ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம். நாலு தெரு, ஒரு தேவாலயம், ஒரு சாப்பாட்டுக்கடை. ஊர் முடிகிற இடத்தில் அகதிகள் விடுதி, அதையும் தாண்டினால் புல்வெளி. புல்வெளி நடுவில் எண்ணூறு வயது என்று பலகை மாட்டிய ஓக் மரம் நின்றது. ஆறு பேர் கைகோத்தாலும் அதன் அடியைச் சுற்றிப் பிடிக்க ஏலாது. உள்ளே கோறை விழுந்து ஒரு மாடு படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. இரண்டு கொப்புகளை இரும்புத் தூண் தாங்கியது. அப்படியிருந்தும் ஒவ்வொரு மே மாதமும் வெட்கமில்லாமல் தளிர் விட்டது.

அந்த மரத்தைப் படியெடுக்கத்தான் உல்ரிக்கே வந்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி, தலைமயிரை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பாள், பெயர் பெற்ற ஓவியர். அவளுடைய வேலைமுறை விசித்திரமானது. மெல்லிய தாளை மரத்தின் பட்டையில் சுற்றிக் கட்டி, கறுப்பு மெழுகுக் கட்டியால் மேலே தேய்ப்பாள். பட்டையின் மேடுகளெல்லாம் தாளில் கறுப்பாக எழும்பி வரும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். ஆள் உயரத் தாள் பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஊர்ச்சங்கத்தின் பழைய களஞ்சியத்தில் வட்டமாகத் தொங்கவிட்டால், நடுவில் போய் நிற்பவருக்கு மரத்தின் வயிற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். சில தாள்களுக்குப் பக்கத்தில் காதில் மாட்டிக் கேட்கும் கருவி. அதில் வேறு தேசங்களிலிருந்து வந்தவர்களின் குரல்.

தாளைப் பிடிக்க அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. மதீசன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஏணியில் நின்று கடையின் கூரைப் பீலியைத் துப்புரவாக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கேட்டாள். கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் போனான். ஈரக்காற்று வீசினால் தாள் கிழியும், விரல் நுனியால் அழுத்தினால் கறை விழும், உள்ளங்கையின் அடியால்தான் அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு திங்களில் பிடித்துக்கொண்டான்.

நாலாவது தாள் பிடித்த அன்று அவன்தான் கண்டுபிடித்தான். ஆள் நெஞ்சு உயரத்தில் பட்டைக்குள் ஏதோ கையில் தட்டுப்பட்டது. நாலு துளை, நாலும் ஒரே இடைவெளியில். உள்ளே துருப்பிடித்த ஆணித் துண்டு.

"இங்கே ஏதோ அடித்து வைத்திருக்கிறார்கள்" என்றான் ஜெர்மன் மொழியில்.

உல்ரிக்கே கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். பிறகு மிகவும் சந்தோசப்பட்டாள். அடுத்த கிழமை ஊர்க் கிழவி ஒருத்தியிடம் கேட்டு விசயத்தை அறிந்து வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு ஊரே கூடி, பாண்ட் வாத்தியம் முழங்க, அந்தக் காலத்துத் தலைவனின் பெயரை ஒரு செப்புத் தகட்டில் எழுதி மரத்தில் அறைந்தார்கள். நாற்பத்தைந்தில் ஆங்கிலேயப் படை வருவதற்கு முதல் நாள் அதே ஊர் அதைப் பிடுங்கி எறிந்தது. எங்கே எறிந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

"மரம் மறக்கவில்லை பார்த்தாயா" என்றாள் உல்ரிக்கே. "மனிதர்தான் மறந்துவிட்டார்கள்."

அன்று பின்னேரம்தான் ஒலிப்பதிவு. முற்காலத்தில் இந்த மரத்தின் கீழேதான் ஊர் நீதிமன்றம் கூடியது என்றும், சாட்சி சொல்ல வருபவன் பட்டையில் கை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் அவள் சொன்னாள். அவனையும் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். பிறகு சின்னக் கருவியைப் புல்லின்மேல் வைத்தாள்.

"உன் மொழியில் பேசு. வீட்டில் யாராவது ஒருவரோடு பேசுவது போலப் பேசு. எனக்கு விளங்க வேண்டியதில்லை. எனக்கு ஓசை போதும்."

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மதீசனும் அவன் வீட்டாரும் பல வருடம் கடிதம் எழுதவில்லை, கசற்றில் பேசி அனுப்பினார்கள். ஒரு பக்கம் அவன் பேசி அனுப்ப, மறுபக்கத்தில் அம்மாவும் தங்கச்சி தேவமலரும் பேசி, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். சிவப்பு விளக்கு எரிகிற ஒரு கருவியைக் கண்டால் அவனுக்கு அது வீடு. சாவகச்சேரியில் குசினிக்குள் இருவரும் குந்தி இருந்து கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். எந்த அதிகாரியும் அந்தக் கருவிக்குள் இருந்ததில்லை.

பெயரையும் வயதையும் இடத்தையும் சொன்னான். பிறகு தங்கச்சியோடு பேசத் தொடங்கினான்.

"மலர், இஞ்சை ஒரு மனிசி மரத்தைப் பற்றிச் சொல்லட்டாம். நீ நினைப்பாய் அண்ணன் எங்கடை வளவுப் பனையைச் சொல்லப்போறான் எண்டு. எனக்கு அது ஒண்டும் ஞாபகம் வரேல்லையடி. எனக்கு ஞாபகம் வாறது வெள்ளவத்தையிலை லொட்ஜுக்கு முன்னாலை நிண்ட வாகை. மூண்டு வருசமும் மூண்டு மாசமும் நான் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். இங்கிலீசு கிளாசுக்குப் போறன் எண்டு அம்மாவுக்குச் சொன்னது பொய். வெளிக்கிட்டாப் பொலிசு பிடிக்கும் எண்ட பயத்திலை ஜன்னலுக்குள்ளையே இருந்தனான். பின்னேரம் அஞ்சரைக்கு அந்த மரம் இலையெல்லாம் மூடும். மூடினாச் செக்கிங் வாற நேரம். ரெண்டு தரம் எங்களைக் கையைக் கட்டி அந்த மரத்தடியிலைதான் இருத்தி வைச்சவங்கள். எறும்பு கடிச்சாலும் அசையப்பிடாது. மூண்டு தரம் அது பூத்துக் கண்டனான். நான் பதினைஞ்சு வயசிலை போனனான், பத்தொன்பதிலை வெளிக்கிட்டனான். மீசை முளைச்சதும் அதுக்கு முன்னாலைதான். அந்த மரத்துக்குத்தான் என்னைத் தெரியும் மலர். உங்களுக்குத் தெரியாது."

நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினான். உல்ரிக்கேயின் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு சொல்லும் விளங்காமலே கலங்கியிருந்தாள்.

விடுதிக்குத் திரும்பியபோது அறைத்தோழன் டக்ளஸ் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தான். மன்னார்க்காரன், மதீசனைவிட ஏழு வயது மூப்பு. இறைச்சி வெட்டும் ஆலையில் வேலை, வாய்க்குப் பூட்டு இல்லை.

"என்ன, மரத்தோடை கதைச்சு முடிஞ்சுதோ? அது என்ன சொல்லுது, விசா தருமாமோ?"

"மரம் தராது. மனிசி கடிதம் தாறன் எண்டவ."

விசயம் அதுதான். அந்த வருடம் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. டுல்டுங் என்ற தாளில், அதாவது 'இப்போதைக்கு அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம்' என்ற தாளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி வாழ்கிறவர்களில் எட்டு வருடம் முடித்தவர்களுக்கு நிரந்தரமாக இருக்க வழி கிடைத்தது. வேலை இருக்க வேண்டும், மொழி தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரிகளுக்குப் பொய் சொல்லியிருக்கக் கூடாது. மதீசன் அதற்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தான். ஊரில் மதிப்பான ஒருவரின் கடிதமும் சேர்ந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். உல்ரிக்கே தாளை மடித்துக்கொண்டே "நான் எழுதுகிறேன், நீ என் பாதி வேலை செய்தவன்" என்றிருந்தாள்.

"கதையிலை என்ன சொன்னனி?" என்று டக்ளஸ் கேட்டான்.

"கொழும்பு மரத்தைப் பற்றி."

டக்ளஸ் கரண்டியை அப்படியே பிடித்தபடி திரும்பினான். "டேய், எத்தினை நாள் எண்டு சொன்னனி?"

"தமிழிலைதானே சொன்னனான். அவவுக்குச் சத்தம் மட்டும் போதுமாம்."

"அப்பச் சரி." டக்ளஸ் மறுபடி சட்டிக்குத் திரும்பினான். "நான் ஒன்பது நாள். நீயும் ஒன்பது நாள். எங்கடை சனம் முழுக்க கொழும்பிலை ஒன்பதே நாள்தான். பத்தாம் நாள் அந்த லொட்ஜுகளிலை ஆர் இருந்தது எண்டுதான் இன்னும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

சிரித்தார்கள். தொண்ணூற்றொன்பதில், அகதி விசாரணைக்கு முதல் நாள், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருவர்தான் மதீசனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். கொழும்பில் கனகாலம் இருந்தேன் என்றால், அங்கே உயிரோடு இருக்க முடிந்ததல்லவா, அங்கேயே இரு என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாய், கொழும்பில் ஒன்பது நாள், பிறகு விமானம். கையைக் கட்டி எறும்பு கடிக்க மரத்தடியில் இருத்தியதும் கொழும்பில்தான் என்பதால் அதையும் சொல்ல முடியாமல் போயிற்று. நடந்த துன்பத்தை மறைத்து, நடக்காத ஒன்றை மனப்பாடம் செய்து சொன்னான். அதையும் அவர்கள் நம்பவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் அந்த ஒன்பது நாள் அவனுடைய கோப்பில் எட்டு வருடமாகக் கையெழுத்தோடு இருந்தது.

செப்டெம்பரில் கண்காட்சி. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஊர்ச்சங்கத் தலைவர் குரோகர் களஞ்சியத்துக்கு வந்தார். தாள்களுக்கிடையே கையைப் பின்னால் கட்டி நடந்தார். நாலாவதற்கு முன்னால் நின்றார். ஆணித்துளை நாலும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெளிவாகத் தெரிந்தன. கீழே உல்ரிக்கே ஆண்டை எழுதியிருந்தாள்.

குரோகர் குரலை உயர்த்தவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள், பத்திரிகைக்காரர் வருவார்கள், அந்தக் குடும்பங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன, இது ஒரு சந்தோசமான நாளாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். களஞ்சியம் சங்கத்துடையது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உல்ரிக்கே ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் யோசித்தாள். பிறகு மதீசனைக் கூப்பிட்டாள். நாலாவது தாளை அவனே ஏணியில் ஏறிக் கழற்றி, சுருட்டி, பரணில் கொண்டுபோய் வைத்தான். வட்டத்தில் இடைவெளி தெரியாமல் மற்றப் பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ஏழாவது தாளுக்குப் பக்கத்தில் தன் குரல் என்று தெரியும். அங்கே காதுக்கருவிக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அவன் பட்டையில் கை வைத்து நிற்கும் படம். அதன் கீழே ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம்.

வாசித்தான். 'மூன்று வருடங்களும் மூன்று மாதங்களும்' என்ற இடத்தில் விரலை வைத்தான். திரும்ப வாசித்தான். எறும்பு இருந்தது. மீசை இருந்தது. மூன்று பூப்பும் இருந்தது. எல்லாம் அழகாக, ஒரு பிழையில்லாமல் இருந்தது.

"அண்ணா, பிடிச்சிருக்கோ?"

பின்னால் ஒரு பெட்டைப்பிள்ளை நின்றாள். நாலு வயதில் வந்து ஹனோவரில் வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், பெயர் லவினியா என்று தன்னை அறிமுகம் செய்தாள். நிதி கொடுத்தவர்கள் ஜெர்மன் எழுத்து வேண்டுமென்று கேட்டதால் உல்ரிக்கே கடைசி நேரத்தில் தன்னைப் பிடித்ததாகச் சொன்னாள். முகமெல்லாம் பெருமை.

"நீங்களோ எழுதினது?"

"ஓம் அண்ணா. மூண்டு நாள் இருந்து எழுதினனான். ஒரு சொல்லும் விடேல்லை. வாகைக்கு என்ன பேர் எண்டு அம்மாவைக் கேட்டு, புத்தகத்திலை பாத்து, அதையும் சரியாப் போட்டனான். எனக்கு அழுகை வந்திட்டுது, தெரியுமோ?"

"ஒரு போன் அடிச்சிருக்கலாமே பிள்ளை."

"ஏன்? பிழை இருக்கோ?"

"இல்லை. பிழை இல்லை. அதுதான்…" களஞ்சியத்தில் வயின் கோப்பையோடு நின்றவர்கள் அவனைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவளை வெளியே கூட்டிப்போய், வாசலருகில் நின்று ஒன்பது நாள் கதையைச் சொன்னான்.

லவினியா களஞ்சியத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடை அப்பாவும் ஒன்பது நாள் எண்டுதான் சொல்லுறவர்" என்றாள் பிறகு. "நான் பத்தாம் வகுப்பிலை அவற்றை கதையை வைச்சு ஒரு ரெஃபராட் எழுதி வாசிச்சனான். முழுக் கிளாசும் எழும்பி நிண்டு கை தட்டினது."

"எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை."

"அப்ப அப்பா எத்தினை நாள் இருந்தவர்?"

"அதை அப்பாவைத்தான் கேக்கோணும்."

அவள் காலால் சரளைக்கல்லைத் தட்டிக்கொண்டு நின்றாள். "நான் பிழையா எழுதிப்போட்டன் எண்டு ஒரு கடிதம் தரட்டோ அண்ணா?"

"நாளைக்கு நீங்கள் படிச்சு உத்தியோகம் பாக்க வேண்டாமோ? சும்மா இருங்கோ. இது இந்தக் கொட்டிலுக்குள்ளைதானே இருக்கு. ஆர் வரப்போகினம்?"

அவளுக்கும் தனக்கும் சேர்த்து அதைச் சொன்னான். உள்ளே போய் உல்ரிக்கேயைத் தனியே கூப்பிட்டான். ஏழாவது அட்டையை எடுத்துவிடும்படி கேட்டான். காரணம் தனிப்பட்ட விசயம் என்றான்.

அவள் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தாள். "மதீசன், எல்லோரும் உன் பக்கத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். இதிலேயே மிக உண்மையானது உன்னுடையதுதான். வெட்கப்படாதே."

"வெட்கமில்லை. எனக்கு அலுவலகத்தில் பிரச்சினை வரும்."

"வராது, நேர்மாறாக நடக்கும்!" அவள் முகம் மலர்ந்தது. "உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமையே என் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே கண்காட்சிப் புத்தகத்தையும் வைத்தேன். உன் பக்கத்தில் அடையாளமும் வைத்தேன். படிக்கிறவள் கல்லாக இருந்தாலும் உருகுவாள்."

மதீசன் கையை இழுத்துக்கொண்டான்.

"நாலாவது தாளைக் கழற்றினீர்கள்" என்றான்.

"அது வேறு."

"எப்படி வேறு?"

"அது வெறும் பட்டை, மதீசன். இது ஒரு மனித வாழ்க்கை. இதை மறைக்க எனக்கு உரிமையில்லை."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். குரோகர் பேச எழும்பியிருந்தார். இந்த மரம் எங்கள் ஊரின் மனச்சாட்சி என்று அவர் தொடங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். மதீசனும் தட்டினான். தட்டாமல் நின்றால் தெரியும்.

டெர்மின், அதாவது அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் குறித்த நாள், கண்காட்சிக்குப் பிறகு பத்தாம் நாள் வந்தது. அலுவலகத்தில் அவனுடைய கோப்பைப் பார்ப்பவள் கெட்டவள் அல்ல. எட்டு வருடத்தில் ஒருநாளும் அவனை நிற்கவைத்துப் பேசியதில்லை. அன்றும் இருக்கச் சொன்னாள். மேசையில் கண்காட்சிப் புத்தகம். உல்ரிக்கே வைத்த அடையாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது.

"இது நீங்கள்தானே?"

"ஓம்."

"நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை வாசித்தேன்." அவள் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு விசாரணை. "இதில் ஒன்பது நாள். அதில் மூன்று வருடத்துக்கு மேல். எது சரி?"

வரும் வழியெல்லாம் அவன் யோசித்து வைத்திருந்த பதில்தான். "அது கலை. மரத்துக்காக நான் கற்பனை செய்து சொன்னது."

எட்டு வருடத்தில் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்த ஒரே உண்மை அந்தப் பக்கம்தான். அதைத்தான் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'இங்கே பேசுபவர்கள் அனைவரும் தங்கள் உண்மையான நினைவுகளையே பேசுகிறார்கள்' என்று உல்ரிக்கே முன்னுரையில் எழுதியிருந்தாள்.

"கற்பனை என்றால், கலைஞர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தட்டும்" என்றாள். "அல்லது மொழிபெயர்ப்பில் தவறு இருக்கலாம். எனக்குத் தெரியாது. மூல ஒலிப்பதிவை அனுப்பும்படி கலைஞருக்கு எழுதியிருக்கிறேன். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுப்போம். அதன் பிறகு முடிவு செய்வோம். அதுவரை பழைய தாள்தான்."

முத்திரை குத்தினாள். இந்த முறை மூன்று மாதம் இல்லை, ஒரு மாதம்.

"ஆராம் மொழிபெயர்ப்பாளர்?" என்று டக்ளஸ் அன்றைக்குக் கேட்டான்.

"சொல்லேல்லை. எங்கடை ஆளாத்தான் இருக்கும்."

"எங்கடை ஆள் எண்டா அவனும் ஒன்பது நாள்காரன்தானே."

"ஒன்பது நாள்காரனுக்குத்தான் பயம் கூட. சத்தியம் செய்து சீல் வைச்சிருக்கிறவன், எனக்காகத் தன்ரை சீலைக் குடுப்பானோ?"

டக்ளஸ் பகிடி விடவில்லை. கோப்பையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "எனக்கும் அதே அன்ட்ராக் கிடக்கு, மச்சான்" என்றான் மெல்ல. "உன்ரை ஒன்பது பிழைச்சா என்ரை ஒன்பதையும் கிண்டுவாங்களோ?" பிறகு தானே எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினான்.

திங்கட்கிழமை உல்ரிக்கேயின் வேலைக்கூடத்துக்குப் போனான். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பது நாள் எப்படி வந்தது, ஏன் வந்தது, சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக, தெரிந்த ஜெர்மன் முழுவதையும் போட்டுச் சொன்னான். அவள் அழுதாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் 'இது கற்பனை' என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டபோது கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பி ஜன்னலோரம் போனாள்.

"என்னால் முடியாது. ஒன்று பொய்யென்றால் ஏழும் பொய் ஆகிவிடும். இந்த வேலை முழுவதும் அதில்தான் நிற்கிறது. நிதியும் அதற்குத்தான் கொடுத்தார்கள்."

"அப்படியென்றால் பதிவை அழித்துவிடுங்கள். தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள்."

"மாநில ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் ஏழு குரலையும் வைத்திருப்பார்கள். நூறு வருடம், இருநூறு வருடம்." அந்தச் சொற்களில் ஒரு பெருமை வழக்கம்போல எட்டிப் பார்த்தது. அவளே அதைக் கவனித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய குறுந்தட்டு மேசையில் இருந்தது. அதைப் போட ஒரு மட்டை உறையும் செய்து வைத்திருந்தாள். அனுப்பாமல் விட்டால் மறைத்தான் என்றாகிவிடும் என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் தன் கறுப்பு மைப் பேனையை அவனிடம் நீட்டினாள். ஏதாவது ஒன்று அவனுக்குச் செய்ய வேண்டும் போல இருந்திருக்கும்.

"உறையில் உன் எழுத்தில், உன் மொழியில், தலைப்பை நீயே எழுது. மொழிபெயர்க்கிறவருக்காவது இது ஒரு மனிதனுடையது என்று தெரியட்டும்."

மதீசன் பேனையை வாங்கினான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். ஒரு தலைப்பு எழுத எடுக்கிற நேரத்தைவிடக் கூடுதலான நேரம் எடுத்தான். உறையின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் வந்தது. உல்ரிக்கே தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு அழகான எழுத்து" என்றாள். "கொடி படருகிற மாதிரி."

அவன் மை காயும்வரை ஊதினான். பிறகு தானே கடித உறைக்குள் வைத்து ஒட்டி, பஸ் தரிப்புக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டான். மட்டையில் இருந்தது இவ்வளவுதான்:

'இதை மொழிபெயர்க்கிற அண்ணைக்கு, இல்லாட்டி அக்காவுக்கு. உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது. இதிலை நான் சொன்னது முழுக்க உண்மை. எண்டாலும் மூண்டு வருசம் மூண்டு மாசம் எண்டு வாற இடத்திலை ஒன்பது நாள் எண்டு எழுதிவிடுங்கோ. மரம் மூண்டு தரம் பூத்தது எண்டதை விட்டுவிடுங்கோ. மீசையையும் விட்டுவிடுங்கோ. எறும்பு கடிச்சது மட்டும் இருக்கட்டும், ஏலுமெண்டா. உங்களுக்குக் கரைச்சல் வரும் எண்டால் செய்ய வேண்டாம். ஆனால் இதை வாசிச்சுப்போட்டு ஆருக்கும் காட்டாமல் இந்த மட்டையைக் கிழிச்சு எறிஞ்சுவிடுங்கோ.'